சீமைச்சரக்குக் கடை சிந்தாமணி கொடுத்த விருந்து

அரியலூர் ரயில் நிலையத்திலிருந்து டவுனுக்குள் வரும் சாலையில், வண்டிப்பேட்டைக்கு எதிரே, பச்சை வர்ணம் பூசிய கதவோடு ஒரு கடை இருந்தது. பலகையில் 'அமிர்தலிங்கம், வெளிநாட்டு மதுவகைகள்' என்று எழுதியிருக்கும். ஊரார் அதைச் சீமைச்சரக்குக் கடை என்றுதான் சொல்வார்கள். கள்ளுக்கடையும் சாராயக்கடையும் வேறு பக்கம் இருந்தன, கூட்டமெல்லாம் அங்கேதான். இங்கே ஒரு நாளில் நாலைந்து பேர் வந்தால் அதிகம். ரயில்வே என்ஜினீயர்கள், கல்லையும் சுண்ணாம்பையும் ஆராய வரும் வெள்ளைக்காரர்கள், பெரிய பண்ணைகளின் விருந்தாளிகள் ஆகியோர்தான் வாடிக்கைக்காரர்கள். உள்ளூர் வக்கீல்களும் வாங்குவார்கள், ஆனால் ஆளை விட்டுத்தான்.

யுத்த காலத்தில் ஒரு மழை மாதம் அமிர்தலிங்கம் காலராவில் இறந்துபோனார். லைசென்ஸ் அவர் மனைவி சிந்தாமணியின் பெயருக்கு மாறியது. அவள் உடையார்பாளையம் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள்; அப்போது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். ஒரே மகள், மலர்கொடி. கடையின் முன்பக்கத்தில் உட்கார்ந்து விற்பது கொளஞ்சி என்ற பழைய வேலையாள். சிந்தாமணி பின்கட்டில் இருந்துகொண்டு, கதவிடுக்கு வழியாகக் கேட்டதை எடுத்துக் கொடுப்பாள். லேபிளில் இருந்த இங்கிலீஷ் எழுத்து அவளுக்குப் படிக்கத் தெரியாது. பாட்டிலின் தோள் எப்படி இருக்கிறது, கழுத்து எவ்வளவு நீளம், மூடியில் என்ன நிற மெழுகு என்று பார்த்தே இது போர்ட், இது ஷெர்ரி, இது கிளாரட் என்று ஒயினின் பெயரைச் சொல்லிவிடுவாள். எதன் ருசியும் அவளுக்குத் தெரியாது. அமிர்தலிங்கமும் குடித்ததில்லை என்றுதான் சொல்கிறார்கள்.

கடையின் பின்னறையில் மரப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. திருச்சியில் வெள்ளைக்காரர்களின் கிளப் ஒன்று மூடப்பட்டபோது அமிர்தலிங்கம் ஏலத்தில் எடுத்துவந்த ஒயின் பெட்டிகள் அவை. என்ஜினீயர்களுக்கு விஸ்கியும் பிராந்தியும்தான் வேண்டியிருந்தது. ஒயின் போகவில்லை. வெயில் காலத்தில் அந்த அறை செங்கல் சூளை மாதிரி கொதிக்கும். பெட்டிகள் அங்கேயே கிடந்தன.

யுத்தம் முடிந்தது. யுத்தத்துக்கு முன்பு சில ஜில்லாக்களில் இருந்த மதுவிலக்கு மறுபடியும் வரப்போகிறது என்று 1946-இல் பேச்சு எழுந்தது. முதலில் சில ஜில்லாக்கள், பிறகு மற்றவை என்றார்கள். திருச்சி ஜில்லாவின் முறை எப்போது என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை; வரும் என்பது மட்டும் நிச்சயம். புதுச் சரக்கு எடுப்பதைச் சிந்தாமணி நிறுத்தினாள். விஸ்கியும் பிராந்தியும் ஒவ்வொன்றாகத் தீர்ந்தன. ஒயின் பெட்டிகள் மட்டும் மிச்சம்.

அந்தச் சமயத்தில்தான் டாக்டர் சிவசுப்பிரமணியன் அவள் வீட்டு வாசலுக்கு வந்தார். ஊர் ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகாதவர். பிரசவத்துக்கென்று தனி அறை வேண்டும் என்று ஊரில் உள்ள பெரிய மனிதர்கள் ஒவ்வொருவரையும் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பாதியை ஊரில் திரட்டினால் மீதியைச் சர்க்கார் தரும் என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். பெரிய மனிதர்கள் காபி கொடுத்து அனுப்பினார்கள். சீமைச்சரக்குக் கடைக்காரியிடம் போய்க் கேட்பதா என்று அவருடைய கம்பவுண்டரே முகம் சுளித்தாராம்.

டாக்டர் விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை சிந்தாமணி நின்றபடியே கேட்டாள்.

"எந் தங்கச்சி கமலவேணி திருமழபாடியில வாக்கப்பட்டிருந்தா," என்றாள். "ரெண்டு நா வலி கண்டு, வண்டியில போட்டு இங்க கொண்டாந்தாங்க. பாதி வழியிலயே போயிட்டா. புள்ளையும் இல்ல."

அவள் திண்ணையைக் காட்டி டாக்டரை உட்காரச் சொன்னாள்.

"ஆனா எங்கிட்ட குடுக்க என்ன இருக்குங்க? பாட்டில்தான் இருக்கு. அதையும் சர்க்கார் வந்து ஒடைக்கப்போவுது."

"என்ன பாட்டில்?"

அவள் பின்னறையைத் திறந்து காட்டினாள். டாக்டருக்குக் குடிப்பழக்கம் கிடையாது. ஆனால் சென்னையில் படித்தபோது தர்ம விருந்து என்று ஒன்று நடப்பதைப் பார்த்திருந்தார். பெரிய துரைமார்களும் ஜமீன்தார்களும் சீட்டு வாங்கிக்கொண்டு வருவார்கள். ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் பொருத்தமாக ஒரு ஒயின் ஊற்றுவார்கள். வசூலாவது அநாதை விடுதிக்கோ ஆஸ்பத்திரிக்கோ போகும். அதைச் சிந்தாமணியிடம் விவரித்தார். வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்கள் நாட்டை விட்டுப் புறப்படுகிற நேரம், பிரிவு விருந்து மாதிரி இருக்கும், கேட்டால் வருவார்கள் என்றார். அவர்கள் வந்தால் காபி கொடுத்து அனுப்பிய பெரிய மனிதர்களும் வருவார்கள்.

"சாப்பாடு யார் பண்ணுவா?" என்று மட்டும் சிந்தாமணி கேட்டாள்.

அதற்கு ஆள் இருந்தார். லப்பைக்குடிக்காட்டில் மதார் என்று ஒருவர். ரங்கூனில் ஒரு பெரிய ஹோட்டலில் தலைமைச் சமையற்காரராக இருந்தவர். ஜப்பான்காரன் குண்டு போட்டபோது, மலையும் காடும் கடந்து நடந்தே ஊர் வந்து சேர்ந்த கூட்டத்தில் ஒருவர். வந்தபின் குன்னம் பக்கத்து வெங்காயத்தை வாங்கி விற்பதும், கல்யாண வீடுகளில் பிரியாணி போடுவதுமாகக் காலம் ஓட்டிக்கொண்டிருந்தார். ஆள் அனுப்பியதும் வந்தார். விருந்தைப் பற்றிக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. பாட்டில்களைப் பற்றிக் கேட்டதும் சுருங்கியது.

"சமைக்கிறது சந்தோசம் தங்கச்சிம்மா. எந்த ஒயினுக்கு எது வைக்கணும்னு வேணா சொல்றேன், அங்க பார்த்ததுதான். ஆனா அந்தப் பாட்டிலைத் தொடமாட்டேன், ஊத்தமாட்டேன். நடந்து வர்ற வழியில நேந்துகிட்டது. உசுரோட ஊர் சேந்தா ஹராமான எதையும் கையால தொடுறதில்லைன்னு."

"நீங்க தொட வேணாம் பாய். கொளஞ்சி இருக்கான்."

மதார் ஒரு திட்டம் சொன்னார். சூப்புக்கு ஷெர்ரி. மீனுக்கு வெள்ளை ஒயின். கறிக்குச் சிவப்பு. இனிப்புக்குப் போர்ட். ரங்கூனில் இப்படித்தான். தை பிறந்ததும் விருந்து என்று முடிவாயிற்று. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த பயணியர் பங்களாவை டாக்டர் கேட்டு வாங்கினார். அனுமதிக்கும் எழுதிப் போட்டு வாங்கிவிட்டார். சீட்டுகள் விற்கத் தொடங்கின.

சீட்டுகள் பாதிக்குமேல் விற்ற பிறகுதான் மதார் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"தங்கச்சிம்மா, பாட்டில் எல்லாம் எந்த அறையில வச்சிருக்கீங்க?"

அவள் காட்டினாள். மதார் உள்ளே கால் வைத்து, ஓட்டுக் கூரையைப் பார்த்தார், ஜன்னல் இல்லாத சுவரைப் பார்த்தார்.

"அங்க இதையெல்லாம் தரைக்குக் கீழ குளிர்ந்த அறையில வைப்பாங்க. வெயில் பட்டா கெட்டுப்போயிடும்பாங்க. எனக்குச் சரியாத் தெரியாது. திறந்து பாத்துடுங்க."

கொளஞ்சி தக்கையைத் திருகி எடுத்தான். அவன் கள்ளுக்கடைக்குத் தினமும் போகிறவன். ருசி பார்க்கும் பொறுப்பும் அவனிடமே கொடுக்கப்பட்டது. கிளாரட் என்ற சிவப்பு ஒயினைக் குடித்தான். நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு, "நல்லாத்தாம்மா இருக்கு," என்றான். வெள்ளை ஒயினைக் குடித்துவிட்டும் அதையே சொன்னான். ஷெர்ரி, போர்ட், மடீரா என்று வரிசையாக எல்லாவற்றுக்கும் அதே பதில். கடைசியில் சிந்தாமணி பேனா மசியைக் கொடுத்தாலும் இவனுக்கு நல்லாத்தான் இருக்கும் போல என்று அவனை அனுப்பிவிட்டாள்.

டாக்டரிடம் கேட்கலாம் என்றால் அவருக்குக் குடிக்கவே தெரியாது. வக்கீல்களில் ஒருவரைக் கூப்பிட்டால், சரக்கு கெட்டுப்போயிற்று என்ற செய்தி பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கப் பரவும். சீட்டு வாங்கியவர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள். சிந்தாமணி ஒரு பகல் முழுக்க யோசித்தாள். மறுநாள் பங்களாச் சமையலறைக்குப் போனாள். மதார் அங்கே அடுப்பைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். பாட்டில்களை மேஜைமேல் வைத்துவிட்டுக் கொளஞ்சி வெளியே நின்றான்.

"நானே பாக்குறேன் பாய்," என்றாள்.

மதார் பதறிப்போனார். "வேணாம் தங்கச்சிம்மா. நீங்க வீட்டுக்காரர் போனப்பறம் கறியே தொடுறதில்லைன்னு சொன்னாங்க."

"கறியத்தான் உட்டேன். இதப் பத்தி நான் ஒண்ணும் வேண்டிக்கலயே. அப்ப எனக்கு இது தோணவே இல்ல."

முதலில் கிளாரட். ஒரு சின்னக் கிண்ணத்தில் ஊற்றி வாயில் வைத்தவள் உடனே முற்றத்தில் துப்பினாள். பழம்புளியைவிட மோசமான புளிப்பு. வெள்ளை ஒயினும் அப்படித்தான். இன்னொரு பெட்டியிலிருந்து இன்னொன்று, அதுவும் அதே. மதாரின் திட்டத்தில் பாதி அங்கேயே போயிற்று. அவர் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஷெர்ரியைத் திறந்தாள். முகம் சுளித்தாள், ஆனால் துப்பவில்லை. தொண்டையில் சுட்டது. போர்ட் இனித்தது. மடீராவை வாயில் வைத்ததும் இன்னொரு வாய் ஊற்றிக்கொண்டாள்.

"இது கெடல பாய். காச்சுன பாகு மாதிரி வருது. கடைசியில ஒரு புளிப்பு, எலுமிச்சை ஊறுகா எண்ணெயில கெடந்தா வருமே அந்த மாதிரி."

வெயில் இந்த மூன்றையும் ஏன் ஒன்றும் செய்யவில்லை என்று இருவருக்கும் தெரியவில்லை. காரம் அதிகமான சரக்கு என்பதால் இருக்கலாம் என்று மதார் நினைத்தார். காரணம் எதுவானாலும், இனி அந்த மூன்றை வைத்துத்தான் விருந்து. எதற்கு எது என்பதை ரங்கூன் வழக்கப்படி சொல்ல முடியாது. வாயில் போட்டுப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அங்கேதான் சிக்கல். மதார் ஒயினைத் தொடமாட்டார். சிந்தாமணி கறியைத் தொடமாட்டாள்.

அன்று முற்பகலிலிருந்து மாலைவரை அந்தச் சமையலறையில் நடந்ததைக் கொளஞ்சி பிற்காலத்தில் பல தடவை சொல்லியிருக்கிறான். மேஜையின் ஒரு பக்கம் மதார், மறுபக்கம் சிந்தாமணி. அவர் ஒரு துண்டு காடையை மென்றுவிட்டுச் சொல்வார். அவள் ஒரு வாய் குடித்துவிட்டுச் சொல்வாள்.

"மிளகு தூக்கலா இருக்கு. சின்ன வெங்காயம் வதங்கி இனிப்பா எறங்கியிருக்கு. கறி கொஞ்சம் வறட்டுதான்."

"அப்ப மடீராதான். வெங்காய இனிப்போட சேரும். வறட்சிக்கும் ஈரமா இருக்கும்."

"மீனு? கொள்ளிடத்து வெரால், வெண்ணெயில பொரிச்சது. மணம் லேசாத்தான் இருக்கு."

"மடீரா ஊத்துனா மீன் இருக்கிற எடமே தெரியாது. ஷெர்ரியப் பாக்குறேன்… இல்ல பாய், இது சுடுது. மீனத் தின்னுட்டும்."

"ஐஸ்ல வச்சா?"

"ஐசு எங்க இருக்கு?"

"திருச்சியிலேருந்து ரயில்ல வரவழைக்கலாம். மரத்தூள்ல பொதிஞ்சு, சாக்குல கட்டி."

"சரி. நீங்க மீன்ல கொஞ்சம் எலுமிச்சையக் கூட்டுங்க. மொளகாயக் கொறைங்க."

இப்படியே போயிற்று. முந்திரிப் பருப்பும் பனைவெல்லமும் சேர்த்து மதார் ஒரு புட்டிங் செய்தார். ஜெயங்கொண்டம் பக்கத்து முந்திரி அந்த வருஷம் நன்றாக விளைந்திருந்தது. அது ஒன்றைத்தான் இரண்டு பேரும் சாப்பிட முடிந்தது. சிந்தாமணி ஒரு வாய் புட்டிங், ஒரு வாய் போர்ட் என்று சாப்பிட்டுவிட்டு, "வெல்லத்தப் பாதியாக்குங்க. ரெண்டும் இனிச்சா எதுவும் இனிக்காது," என்றாள். மதார் ஒத்துக்கொள்ளவில்லை. ரங்கூனில் அப்படித்தான் இனிப்பாக இருக்கும் என்றார். கொஞ்ச நேரம் வாக்குவாதம் நடந்தது. கடைசியில் வெல்லம் பாதியானது.

புளித்துப்போன கிளாரட்டை என்ன செய்வது என்ற பேச்சும் வந்தது. கொட்டிவிடலாம் என்றாள் அவள். மதார் ஒரு கிண்ணத்தை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுவரச் சொல்லி மோந்து பார்த்தார். "இது இப்ப காடிதானே, துரைமாரு வினிகர்னு சொல்றது. ஒயின் இல்லையே," என்றார். ஊருக்குப் போய்ப் பள்ளிவாசல் ஆலிமிடம் கேட்டுவிட்டு வந்தார். தானாகவே காடியாகிப்போனது ஹலால்தான் என்று ஆலிம் சொல்லிவிட்டாராம். அதன்பிறகு அந்தப் பாட்டில்களை மதார் தம் கையாலேயே எடுத்தார். குன்னத்துச் சின்ன வெங்காயத்தை உரித்து அதில் ஊறப்போட்டார். சிவப்பாக, பவழ மாலை மாதிரி வந்தது.

சிந்தாமணி ஒயின் குடித்த செய்தியை ஊருக்குச் சொன்னது கொளஞ்சிதான். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. கள்ளுக்கடையில் உட்கார்ந்து, எங்க அம்மா நாக்கு மாதிரி ஜில்லாவிலேயே கிடையாது என்று பெருமையாகத்தான் சொன்னான். விருந்துக்கு முந்தின நாள் காலை, அமிர்தலிங்கத்தின் தம்பி தங்கராசு இரண்டு பங்காளிகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

தங்கராசு கீழப்பழுவூரில் நிலம் வைத்திருந்தார். அதே ஊரிலிருந்த அவருடைய மைத்துனனுக்கு மலர்கொடியைக் கொடுப்பதாகப் பேச்சு முடிந்திருந்தது. பங்குனியில் பரிசம் போடுவதாக இருந்தது.

"அண்ணி, ஊருல ஒரு பேச்சு அடிபடுது. நெசமா?"

"எந்தப் பேச்சு தம்பி?"

"நீங்க பாட்டிலைத் தொறந்து குடிச்சீங்கன்னு. ஒரு துலுக்க ஆளு முன்னாடி உக்காந்து."

"குடிச்சேன். கெட்டுப்போச்சான்னு பாக்க வேற ஆள் இல்ல."

பங்காளிகளில் ஒருவர் மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். தங்கராசுவுக்கு அவள் மறுப்பாள் என்ற எண்ணம் இருந்திருக்க வேண்டும். குரலை உயர்த்தினார்.

"கட்டுனவன் போயி வருஷம் நாலு ஆவல. ஒரு பொம்பள இப்படிப் பண்ணலாமா? நாங்க வெளிய தலை காட்ட வேணாமா?"

"ஒங்க அண்ணன் இதத்தான் தம்பி வித்தாரு. ஒங்க கல்யாணமே இந்தக் கடை வருமானத்துலதான் நடந்துச்சு. அப்ப யாரும் தலையத் தொங்கப் போடல."

"விக்கிறது வேற. குடிக்கிறது வேற."

"வேறதான்," என்று அவளும் ஒத்துக்கொண்டாள்.

"விருந்த நிறுத்துங்க. பங்காளிங்க நாங்க ஒண்ணா உக்காந்து, கெட்டுப்போன சரக்குன்னு ஆத்துல ஊத்திட்டோம்னு சொல்லிக்கிறோம். இல்லன்னா அந்தப் புள்ளைய எம் மச்சான் வூட்டுல எடுக்க மாட்டாங்க. நான் சொல்லியும் பிரயோஜனம் இல்ல."

உள்ளறையில் மலர்கொடி நின்றுகொண்டிருந்தாள். அந்தப் பையனை அவள் ஒரு திருவிழாவில் பார்த்திருக்கிறாள், பிடித்தும் இருந்தது. அம்மா உள்ளே திரும்பிப் பார்ப்பாள் என்று எதிர்பார்த்தாள். சிந்தாமணி திரும்பவில்லை.

"சீட்டு வித்தாச்சு தம்பி. ஐசு ரயில்ல வந்துகிட்டிருக்கு," என்றாள்.

தங்கராசு எழுந்து போனார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் பங்களா முற்றத்தில் பெட்ரோமாக்ஸ் விளக்குகள் ஏற்றினார்கள். நீள மேஜைகளில் வெள்ளைத் துணி விரித்திருந்தது. அரிசி ரேஷனில் இருந்த காலம். விருந்தில் அரிசிச் சோறு வைப்பதில்லை என்று டாக்டர் ஏற்கெனவே சொல்லிவிட்டார். பண்ணையார்களுக்கு அது பெரிய குறையாக இருந்தது. ரயில்வே வெள்ளைக்கார என்ஜினீயர்கள் மனைவிகளோடு வந்தார்கள். திருச்சியிலிருந்து சில உத்தியோகஸ்தர்கள் ரயிலில் வந்தார்கள். வக்கீல்கள் இந்த முறை ஆளை அனுப்பாமல் தாங்களே வந்தார்கள்.

விருந்தினரை வாசலில் நின்று வரவேற்க வேண்டும் என்று டாக்டர் சிந்தாமணியிடம் சொல்லியிருந்தார். விருந்து கொடுப்பவர் வரவேற்பதுதான் முறை என்றார். அவள் மாட்டேன் என்றாள். தாலி இழந்தவள் எதிரே நின்றால் வருகிறவர்களில் பாதிப்பேர் மனசுக்குள் சகுனம் பார்ப்பார்கள். அவர்கள் தாராளமாகக் கொடுக்க வேண்டிய நேரத்தில் அது எதற்கு என்றாள். டாக்டர் வற்புறுத்தவில்லை. அவரே வாசலில் நின்றார். அவள் சமையலறைக் கதவருகே, வெளியிலிருந்து தெரியாத இடத்தில் நின்றுகொண்டாள்.

சூப்போடு ஷெர்ரி போயிற்று. பண்ணையார்கள் ஷெர்ரியை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கண்ணாடிக் கிண்ணத்தை நீட்டினார்கள். மீன் வந்தபோது ஐஸில் வைத்த ஷெர்ரி மறுபடியும். இரண்டுக்கும் ஒரே சரக்கா என்று ஒருவர் முணுமுணுத்தார். ஆனால் தட்டு காலியானது. காடை வந்தது. கூடவே மடீராவும், காடியில் ஊறிய வெங்காயமும். தலைமை என்ஜினீயர் ஒருவர், வயதானவர், அடுத்த மாதம் கப்பலேற வேண்டியவர், மடீராவை ஒரு வாய் குடித்துவிட்டு நிறுத்தினார். காடையைச் சாப்பிட்டார். மறுபடி குடித்தார். பிறகு இந்தச் சேர்க்கையை முடிவு செய்தது யார் என்று டாக்டரிடம் கேட்டார். டாக்டர் சமையலறையைக் காட்டினார்.

என்ஜினீயர் எழுந்து வந்தார். கதவருகே மதாரும் சிந்தாமணியும் நின்றார்கள். அவருக்குத் தமிழ் நன்றாகப் பேச வரும். நெடுங்காலம் கூலியாட்களோடு பேசிப் பழகிய தமிழ்.

"யார் இது சொன்னது? காடைக்கு மடீரா?"

"நாங்க ரெண்டு பேரும்ங்க," என்றாள் சிந்தாமணி. "அவரு கறியச் சொன்னாரு. நான் இதச் சொன்னேன்."

என்ஜினீயருக்குப் புரிந்ததா தெரியவில்லை. எங்கள் ஊரில் காடைக்கு மடீரா கொடுப்பதில்லை, ஆனால் கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டு, மதாருக்குக் கைகொடுத்தார். சிந்தாமணிக்கு எப்படி மரியாதை செய்வது என்று தெரியாமல் தலையை அசைத்துவிட்டுப் போய்விட்டார்.

விருந்து எல்லா விதத்திலும் சிறப்பாக நடந்தது என்று சொல்ல முடியாது. ஒரு பண்ணையார் போர்ட் இனிக்கிறதே என்று அளவில்லாமல் குடித்துவிட்டு, செத்துப்போன தம் காளையை நினைத்து அழுதார். ஒரு வக்கீல் விஸ்கி இல்லையா என்று இரண்டு முறை கேட்டார். ஒரு வெள்ளைக்கார அம்மாள் வெங்காயத்தை மட்டுமே சாப்பிட்டாள். புட்டிங் இன்னும் கொஞ்சம் இனித்திருக்கலாம் என்று பலர் சொன்னதாக மதார் பிறகு சிந்தாமணியிடம் குத்திக்காட்டினார். திருச்சிக்குப் போகிற ரயிலுக்கு நேரமாகிவிட்டதால் டாக்டரின் நன்றியுரையைப் பாதிப்பேர் கேட்கவில்லை. ஆனால் சீட்டுப் பணத்துக்கு மேலேயும் பலர் கொடுத்துவிட்டுத்தான் போனார்கள். வெள்ளைக்காரர்கள் முன்னால் பின்வாங்கப் பண்ணையார்களுக்கு வெட்கமாக இருந்திருக்கலாம். அழுத பண்ணையார்தான் எல்லாரையும்விட அதிகம் தருவதாகச் சொன்னார். மறுநாள் அது அவருக்கு நினைவில் இல்லை. இருந்தாலும் பேச்சு மாறாமல் கொடுத்தார்.

கீழப்பழுவூர்ச் சம்பந்தம் முறிந்தது. ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டார்கள். அந்தச் சித்திரையிலேயே பையனுக்கு வேறு இடத்தில் கல்யாணம் நடந்தது. தங்கராசு வீட்டு விசேஷம் எதற்கும் சிந்தாமணிக்கு அழைப்பு வரவில்லை. குலதெய்வம் கோயில் படையலின்போது பங்காளிகள் அவள் கொண்டுபோன பானையைத் தனியாக வைக்கச் சொன்னார்கள். அவள் தனியாக வைத்துப் பொங்கிவிட்டு வந்தாள். அதற்காக அழுதாளா, கோபப்பட்டாளா என்று யாருக்கும் தெரியாது. அவள் அதைப் பற்றிப் பேசியதில்லை.

மலர்கொடி பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். கேட்டதற்குப் பதில் சொல்வாள். சோறு போட்டால் சாப்பிடுவாள். அதற்கு மேல் இல்லை. ஒருமுறை மட்டும், "யாரோ பெத்துக்கிறதுக்கு என்னைக் குடுத்துட்ட," என்று சொன்னாள். சிந்தாமணி சோற்றுப் பானையை இறக்கி வைத்தாள்.

பிரசவ அறை 1948-இல் திறக்கப்பட்டது. நீளமான ஓட்டுக் கட்டடம், சில கட்டில்கள், திருச்சியிலிருந்து வந்த ஒரு மருத்துவச்சி. சுவரில் பதித்த கல்லில் கொடையாளர் பெயர்கள் இருந்தன. தர்ம விருந்து நடத்தியவர் என்று சிந்தாமணியின் பெயரைச் சேர்க்க டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். மதுவிலக்கு நேரத்தில் அந்த விருந்தைக் கல்லில் குறிப்பிடுவது அழகல்ல என்று ஆஸ்பத்திரிக் கமிட்டியார் எடுத்துவிட்டார்கள். டாக்டருக்குத்தான் வருத்தம். திறப்பு விழாவுக்கு அவள் போகவில்லை. அன்று கடையைக் காலி செய்துகொண்டிருந்தாள். கலால் இலாகா ஆட்கள் வந்தபோது ஒப்படைக்க அவளிடம் ஒரு பாட்டில் சரக்குகூட இல்லை.

மதார் அந்த வருஷமே பினாங்குக்குக் கப்பலேறினார். அங்கே அவருடைய உறவினர் ஒருவர் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். புறப்படுமுன் வந்து சொல்லிக்கொண்டார்.

"நீங்களும் ஒரு கடை போடுங்க தங்கச்சிம்மா. அந்த நாக்க வச்சுகிட்டு சும்மா இருக்காதீங்க."

"என்ன கடை பாய்? இனி சோடாதான் விக்கலாம்."

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் இடம் இருந்தது, கொளஞ்சியும் இருந்தான். பாட்டில்களை மாட்டிக் கையால் சுற்றும் ஒரு பழைய சோடா மிஷினை அவள் வாங்கிப் போட்டாள். எலுமிச்சை, நன்னாரி, இஞ்சி என்று சாறுகளைத் தானே காய்ச்சிக் கலந்தாள். இஞ்சிச் சோடா வண்டிப்பேட்டைக்காரர்களுக்குப் பிடித்துப்போனது. கொளஞ்சிக்குக் கள்ளு இல்லாத குறைக்கு அது கொஞ்சம் உதவியது என்று அவன் சொல்வான். முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியாது.

1949 கோடையில் ஒரு மத்தியானம், மிஷினில் சுற்றிக்கொண்டிருந்த பாட்டில் ஒன்று வெடித்துச் சிந்தாமணியின் உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. கொளஞ்சி சாப்பிடப் போயிருந்தான். சத்தம் கேட்டு மலர்கொடி ஓடிவந்தாள். தன் முந்தானையைக் கிழித்துக் கட்டுப் போட்டாள். கட்டும்போதே திட்டத் தொடங்கினாள்.

"சாக்கப் போட்டு மூடிட்டுச் சுத்துன்னு மிஷின் வித்த ஆளு சொன்னாரா இல்லையா? ஒனக்கு என்னைக்கு யாரு சொன்னது காதுல ஏறியிருக்கு? கண்ணுல பட்டிருந்தா என்ன பண்ணுவ? ஆளு இல்லாத நேரத்துல எதுக்குத் தொடுற? என்னைக் கூப்புட வாய் இல்லையா?"

இரண்டு வருஷமாகப் பேசாததையெல்லாம் சேர்த்து அவள் பேசிக்கொண்டே போனாள். சிந்தாமணி கையை நீட்டியபடி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். வாசலில் ஒரு வண்டிக்காரர் வந்து சோடா கேட்டார். கொஞ்சம் பொறுங்க என்று சொல்லிவிட்டு, மலர்கொடி மறுபடியும் திட்டினாள்.